கிரீடம் வைத்த அக்கார்டியன்காரர்: ஹூஸ்டனிலிருந்து லோரோவில் வரை

வியாழன், ஹூஸ்டன்

ஹூஸ்டனின் ஃபிஃப்த் வார்டில் ஃப்ரெஞ்ச்டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. 1922-ல் லூசியானாவிலிருந்து பிழைப்புக்காக வந்த கிரியோல் குடும்பங்கள் உண்டாக்கிய குடியிருப்பு. கிரியோல் என்று நான் இங்கே சொல்வது தென்மேற்கு லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்களை. பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். வந்த ஆண்களில் பலருக்கு சதர்ன் பசிபிக் ரயில்வேயில் வேலை. 1927-ல் மிசிசிப்பியில் பெருவெள்ளம் வந்தபோது இன்னும் பல குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களோடு சமையல் வந்தது, ஜெபம் வந்தது, அக்கார்டியனும் வந்தது. இன்று அந்தப் பகுதியை நெடுஞ்சாலைகள் கிழித்துக்கொண்டு போகின்றன. நடந்து பார்த்தால் சில பழைய மரவீடுகள், நிறைய காலி மனைகள்.

நான் இங்கே வந்தது கிளிஃப்டன் ஷெனியேவுக்காக. ஸைடெகோ என்ற இசையை உலகம் தெரிந்துகொண்டது இவர் மூலமாகத்தான். அக்கார்டியனும், நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் தகர ரப்போர்டும் முன்னால் நிற்க, பின்னால் கித்தார், பேஸ், டிரம், சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்து அடிக்கும் நடன இசை அது. பாட்டு பாதி பிரெஞ்சில், பாதி ஆங்கிலத்தில். 1925 ஜூன் 25-ல் லூசியானாவின் ஒப்பலூசஸ் பக்கம் பிறந்தார். 1987 டிசம்பர் 12-ல் லாஃபயெட்டில் இறந்தார். மேடையில் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு வாசிப்பார். ஸைடெகோ ராஜா என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார், ஊரும் அதை ஏற்றுக்கொண்டது.

ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பி கார் ஓட்டுகிறான். நாங்கள் கிழக்கே போகப்போகும் ஐ-10 சாலை கிட்டத்தட்ட ஷெனியேவின் வாழ்க்கைப் பாதைதான், ஆனால் எதிர்த்திசையில். அவர் வயல், ஆலை, நகரம் என்று மேற்கே வந்தார். நாங்கள் நகரத்தில் தொடங்கி வயலுக்குப் போகிறோம்.

ஷெனியே ஹூஸ்டனுக்குக் குடிவந்தது 1958-ல். அதற்கு முன்பே இசைத்தட்டுகள் வந்து, கொஞ்சம் பெயரும் கிடைத்து, பிறகு அந்த வேகம் குறைந்துபோயிருந்தது. 1964-ல் கலிஃபோர்னியாவிலிருந்து கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் என்பவர் ஹூஸ்டனுக்கு வந்தார். ஆர்ஹூலி என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர். ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் சோகப் பாட்டு மரபின் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஹாப்கின்ஸ், ஷெனியேவின் மனைவி வழியில் உறவு. "என் சொந்தக்காரன் ஒருத்தன் வாசிக்கிறான், வா" என்கிற மாதிரி அவரை ஃப்ரெஞ்ச்டவுனில் ஒரு சின்ன பீர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஷெனியேவும் ஒரு டிரம்காரரும் மட்டும். கூட்டம் கொஞ்சம்தான். ஒரு மனிதர் பெரிய அக்கார்டியனை மாட்டிக்கொண்டு பிரெஞ்சில் ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ராக்விட்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. சீக்கிரமே கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஷெனியேவுக்கு ரே சார்ல்ஸ் மாதிரி, வானொலியில் ஓடுகிற மாதிரி ஆங்கிலப் பாட்டுகள் பதிவு செய்ய ஆசை. ஸ்ட்ராக்விட்ஸுக்கோ அந்தப் பழைய பிரெஞ்சுப் பாட்டுகள்தான் வேண்டும். கடைசியில் ஒத்துக்கொண்டது, ஆளுக்குப் பாதி. 1965-ல் வந்த இசைத்தட்டில் ஒரு பக்கம் ப்ளூஸ், இன்னொரு பக்கம் பிரெஞ்சு. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராக்விட்ஸின் காது நல்ல காது என்று முடிப்பார்கள். உண்மைதான். ஆனால் ஷெனியே கேட்டதும் நியாயமானது. பகலெல்லாம் உழைக்கிற மக்கள் சனிக்கிழமை இரவு ஆட வருவார்கள். அவர்கள் வானொலியில் கேட்டது ப்ளூஸ், வீட்டில் பேசியது பிரெஞ்சு. இரண்டும் அவர்களுடையவை. அவர் யாருக்காக வாசித்தாரோ, அவர்கள் இரண்டையும் கேட்டார்கள்.

மாலையில் 'அவர் லேடி ஆஃப் குவாடலூப்' தேவாலயத்தைத் தாண்டி 'அவர் மதர் ஆஃப் மெர்ஸி' தேவாலயம் வரை போனோம். முதல் தேவாலயத்தில் பின் இருக்கைகளில் உட்கார வைக்கப்பட்ட கிரியோல் மக்கள், 1929-ல் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது இரண்டாவது. ஸைடெகோ வளர்ந்ததில் தேவாலய மண்டபங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தேவாலய நிதிக்காக சனிக்கிழமை நடனம், ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு தேவாலயத்தில். பாதிரியார் வாசலில் நிற்க, உள்ளே ஷெனியேவின் அக்கார்டியன். பீர் கடையிலும் அவர்தான், தேவாலய மண்டபத்திலும் அவர்தான். கேட்க வந்தவர்களும் அதே ஆட்கள்.

வெள்ளி, போர்ட் ஆர்தர், பிறகு லேக் சார்ல்ஸ்

போர்ட் ஆர்தருக்குள் நுழையும்போதே ஆலை தெரிகிறது. ஊரைவிட ஆலை பெரியது போலத் தோன்றும். அப்போது டெக்சகோ, இப்போது மோட்டிவா. அமெரிக்காவின் மிகப்பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று, நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல். தம்பிக்கு எண்ணெய்த் துறையில்தான் வேலை என்பதால் கோபுரங்களைக் காட்டி எது எதற்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஷெனியே இந்தப் பக்கம் வேலைக்கு வந்தார். அண்ணன் கிளீவ்லாண்டும் கூட. குழாய் ஏற்றி இறக்குவது, லாரி ஓட்டுவது. வேலை முடிகிற நேரத்தில் ஆலை வாசலில் நின்று அண்ணனும் தம்பியும் வாசிப்பார்கள் என்று சொல்வார்கள். அண்ணன் ரப்போர்ட், தம்பி அக்கார்டியன். வெளியே வருகிறவர்கள் சில்லறை போட்டுவிட்டுப் போவார்கள்.

"ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவன் நிக்க மாட்டானே அக்கா, வீட்டுக்கு ஓடத்தானே பார்ப்பான்" என்றான் தம்பி.

"நின்னிருக்காங்களே" என்றேன்.

கேட்டின் எதிரே வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பளம் வாங்கி வெளியே வருகிற ஒருவனை நிற்க வைக்க வேண்டுமென்றால் முதல் சில நொடிகளிலேயே காலைப் பிடித்து இழுக்கிற தாளம் வேண்டும். ஷெனியேவின் பாட்டுகளில் முன்னுரை என்று ஒன்று அநேகமாக இருக்காது. எடுத்த எடுப்பில் முழு வேகம். அதை அவர் எங்கே கற்றிருப்பார் என்பதற்கு இந்த வாசலைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

ரப்போர்ட் இன்றைய வடிவத்துக்கு வந்ததும் இங்கேதான். அதற்கு முன் துணி துவைக்கும் வரித் தகரப் பலகையைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் தேய்ப்பார்கள். ஆடும், சரியும், கழுத்தை அறுக்கும். 1946-ல் ஷெனியே, ஆலையில் வேலை பார்த்த வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளியிடம் போய், மண்ணில் குச்சியால் ஒரு படம் வரைந்து காட்டி, இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாராம். தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி, நெஞ்சையும் வயிற்றையும் மூடுகிற மாதிரி ஒரே தகட்டில் வளைத்த உடுப்பு. லாண்ட்ரி செய்து கொடுத்தார். இரண்டு கையும் சும்மா இருக்கிறது, ஆடிக்கொண்டே வாசிக்கலாம். கிளீவ்லாண்ட் இரண்டு கையிலும் பாட்டில் திறப்பான்களைப் பிடித்துக்கொண்டு அதில் தேய்ப்பார். இன்று ஃப்ரோட்வா என்ற பெயரில் உலகம் முழுக்க ஸைடெகோ மேடைகளில் தெரிவது இதே வடிவம்தான். அமெரிக்காவில் பிறந்த வாத்தியங்கள் குறைவு, அவற்றில் இதற்கு இடம் உண்டு. ஒரு ஆலைத் தொழிலாளி, இன்னொரு ஆலைத் தொழிலாளிக்காக, ஆலைக்கு வருகிற அதே மாதிரி தகட்டில் அடித்துக் கொடுத்தது. இந்த இசையைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்களில் மிகவும் பிடித்தது இதுதான்.

மதியம் டெக்சஸ் எல்லையைத் தாண்டி லூசியானாவின் லேக் சார்ல்ஸ். 1954-ல் இங்கே ஒரு வானொலி நிலையத்தில் எல்கோ என்ற சின்ன நிறுவனத்துக்காக ஷெனியேவின் முதல் ஒலிப்பதிவு நடந்தது. அடுத்த ஆண்டே ஸ்பெஷால்டி நிறுவனத்தில் 'ஏ, தீத் ஃபீ' வந்தது. அதன்பிறகுதான் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கினார். எட்டா ஜேம்ஸ் போன்ற பெரிய பாடகர்களோடு ஒரே மேடையில் ஏறினார்.

அதே 1954-ல் இதே ஊர்க்காரர் பூஸூ ஷேவிஸ் 'பேப்பர் இன் மை ஷூ' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ஸைடெகோவின் முதல் வெற்றிப் பாட்டு என்று அதைத்தான் சொல்வார்கள். காலணி ஓட்டையாகிவிட்டது, காகிதத்தை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன் என்று பாடுகிற பாட்டு. பூஸூவுக்குப் பணக் கணக்கில் மனம் கசந்து, இசையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பந்தயக் குதிரை வளர்க்கப் போய்விட்டார். 1984-ல்தான் திரும்பி வந்தார். வந்த பிறகு 2001-ல் சாகும்வரை விடவில்லை. அவருடையது சின்ன பொத்தான் அக்கார்டியன், ஷெனியேவுடையது வேறு வகை. அதை நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

சனி, ப்ரோ ப்ரிட்ஜ், ஒப்பலூசஸ், லாஃபயெட்

காலை எட்டு மணிக்கே நடனம். ப்ரோ ப்ரிட்ஜில் பக் அண்ட் ஜானீஸ் என்ற உணவகத்தில் சனிக்கிழமை தோறும் ஸைடெகோ காலை உணவு. மேசைகளுக்கு நடுவே எழுபது வயது தம்பதிகள் சுற்றுகிறார்கள். வரும் வழியில் வாங்கிய பூடானை, அதாவது அரிசியும் பன்றி இறைச்சியும் அடைத்த சாசேஜை, வண்டியிலேயே தின்று முடித்திருந்ததால் எங்களுக்குக் காபி போதுமாக இருந்தது. க்ரோலி பக்கம் சாலையின் இருபுறமும் நெல் வயல்கள். அறுவடைக்குப் பின் தண்ணீர் கட்டி அதே வயலில் க்ராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையை வளர்க்கிறார்கள். சோறு தின்னும் ஊர் என்பதே தம்பிக்குப் பெரிய ஆறுதல்.

அங்கிருந்து வடக்கே ஒப்பலூசஸ். ஊருக்கு வெளியே, ஐ-49 ஓரம் உள்ள பயணிகள் மையத்தில் ஒரு சிலை நிற்கிறது: அமெடே ஆர்ட்வான். 2018-ல் வைத்தது. ஷெனியேவைப் புரிந்துகொள்ள இவரைத் தெரிந்திருக்க வேண்டும். 1898-ல் பிறந்த கிரியோல் அக்கார்டியன் கலைஞர், குரல் அப்படியொரு உயரத்தில் அழும். 1929 முதல் 1934 வரை 34 பாட்டுகள் பதிவு செய்தார். வெள்ளையரான டெனிஸ் மெகீ அவருக்கு வயலின் வாசித்தார், அந்தக் காலத்து லூசியானாவில். கேஜன் எனப்படும் பிரெஞ்சு பேசும் லூசியானா வெள்ளையரின் இசை, கிரியோல் இசை இரண்டுக்கும் இவர்தான் மூலவர். ஒரு நடனத்தில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள், அதற்காக வெள்ளையர் சிலர் அவரை அடித்து நொறுக்கினார்கள் என்று ஊர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் மனநிலை சரியாகவே இல்லை. 1942-ல் பைன்வில்லில் அரசு மனநல மருத்துவமனையில் இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கல்லறை இல்லாதவருக்குத்தான் இந்தச் சிலை.

ஆர்ட்வான் இறந்தபோது ஷெனியேவுக்கு வயது பதினேழு.

ஆர்ட்வான் வாசித்தது பத்துப் பொத்தான் அக்கார்டியன். துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். ஒரே சுதியில் கட்டப்பட்டது, இருக்கிற சுரங்களும் ஏழுதான். நாட்டார் நடனத்துக்கு அது தாராளம். ஷெனியே எடுத்துக்கொண்டது பியானோ கட்டைகள் வைத்த பெரிய அக்கார்டியன். நம் ஆர்மோனியத்துக்கு நெருங்கிய உறவு, இரண்டிலும் காற்று பட்டு அதிர்கிற நாக்குகள்தான் பேசுகின்றன. ஆர்மோனியத்தில் போலவே பன்னிரண்டு சுரமும் உண்டு, தள்ளினாலும் இழுத்தாலும் அதே சுரம். ப்ளூஸுக்கு அரைச் சுரங்கள் வேண்டும், எந்தச் சுதிக்கும் போக முடிய வேண்டும், சாக்ஸபோனோடும் கித்தாரோடும் சேர வேண்டும். பியானோ அக்கார்டியனால்தான் அது நடந்தது. கனமான பெட்டி அது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் இடைவெளியே இல்லாமல் வாசிப்பார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது.

லியோன்வில் வரை போய்வந்தோம். அவர் பிறந்த பக்கம். பார்க்க என்று பெரிதாக ஒன்றும் இல்லை: வயல், மரங்கள், பாயூ டெஷ் என்ற மெதுவான ஓடை. அப்பா ஜோசஃப் ஷெனியே குத்தகை விவசாயி, அவரும் அக்கார்டியன்காரர். சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப்போட்டுவிட்டு நடனம், கூடவே கம்போ என்ற கெட்டிக் குழம்பு விற்பனை. லா லா என்பார்கள் அந்த வீட்டு நடனத்தை. தவக்காலத்தில் வாத்தியம் கூடாது, ஆகவே கையும் காலும் மட்டும் வைத்து ஜூரே பாடுவார்கள். ஸைடெகோவின் அந்தக் கால் தட்டல் அங்கிருந்து வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1921-ல் லூசியானா அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று ஆக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் ஷெனியே. பிரெஞ்சு பேசினால் வெட்கப்பட வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த தலைமுறை அவருடையது. அந்த மொழியில் பாடிக்கொண்டுதான் அவர் கிரீடம் வைத்துக்கொண்டார். வேடிக்கைக்காகப் போட்ட வேஷம் என்று அந்தக் கிரீடத்தைக் கடந்துபோகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இரவு லாஃபயெட். 1985-லிருந்து இருக்கும் எல் சிட் ஓஸ் மன்றம். நடத்துகிறவர் சிட் வில்லியம்ஸ். அவர் தம்பி நேதன் வில்லியம்ஸ், ஷெனியே வழியில் பியானோ அக்கார்டியன் வாசிப்பவர். சிறுவனாக இருந்தபோது செயின்ட் மார்ட்டின்வில்லில் ஷெனியேவின் நடனத்துக்கு உள்ளே விடவில்லை என்று மன்றத்தின் பின்பக்கம் ஜன்னல் மின்விசிறி அருகே ஒளிந்து கேட்டாராம் நேதன். நெருங்கி நெருங்கிப் போய்த் தொப்பியின் முனையை விசிறி வெட்டிவிட்டது.

இன்று வாசித்தது இளைஞர் குழு. பூட்ஸும் தொப்பியுமாக நிறையப் பேர், பகலில் குதிரைச் சவாரி ஊர்வலத்திலிருந்து நேராக வந்தவர்கள். ஒரு பாட்டி தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆடவைத்தார். மூன்றாவது பாட்டில் அவன் காலும் சரியாக விழத் தொடங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்து, "அந்தத் தகரச் சத்தம் இருக்கே அக்கா, அதைத்தான் கால் கேக்குது" என்றான். என்னிடம் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

ஞாயிறு, நியூ ஐபீரியா, லோரோவில்

கரும்பு அறுவடைக் காலம். நியூ ஐபீரியாவைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குக் கரும்பு, சாலையெல்லாம் சோகை சிதறிக் கிடக்கிறது. இளைஞனாக ஷெனியே கரும்பு வெட்டியது இந்தப் பக்கம்தான். இப்போது இயந்திரம் வெட்டுகிறது.

இங்கிருந்து சில மைலில் லோரோவில். அங்கே ஆல் சோல்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். லோரோவில்லும் அதே பாயூ டெஷ் கரைதான். பிறந்த ஊரும் புதைத்த ஊரும் ஒரே ஓடையின் மேலும் கீழும். இடையில் அவர் ஐரோப்பா போனார், 1975-ல் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு போகலூசாவில் 'போகலூசா பூகி' பதிவானது.

கடைசி ஆண்டுகள் கொடுமையானவை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், பாதத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். டயாலிசிஸுக்கு நடுவே நாள் பார்த்துக் கச்சேரி வைத்துக்கொண்டார். 1984-ல் கிராமி விருது, அதே ஆண்டில் தேசிய கலை நிதியத்தின் பாரம்பரியக் கலைஞர் விருதும். பெருமை வந்து சேர்ந்தபோது உடம்பு போய்விட்டிருந்தது. இதில் எனக்கு ஆற்றாமைதான். நாற்பதை நெருங்குகிற வயதில் அவர் ஒரு பீர் கடையில் டிரம்காரர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார் என்பதை மறக்க முடியவில்லை.

கல்லறையில் எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் நின்றிருந்தது. ஓஹையோவிலிருந்து வந்தவர்கள். சின்னப் பெண் கையில் அலைபேசியில் பாட்டு. அவர்கள் போகும்வரை காத்திருந்து நாங்களும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மகன் ஸீ.ஜே. ஷெனியே 1957-ல் போர்ட் ஆர்தரில் பிறந்தவர். முதலில் அப்பா குழுவில் சாக்ஸபோன், பிறகு அக்கார்டியன், அப்பாவுக்குப் பிறகு குழுவே அவருடையது. அதே குழுவில் ஆர்கன் வாசித்த ஸ்டான்லி டூரல் வெளியே போய் பக்வீட் ஸைடெகோ என்ற பெயரில் தானே அக்கார்டியன் எடுத்தார். 2025 நூற்றாண்டில் வந்த அஞ்சலித் தொகுப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வாசிக்க, மிக் ஜாகர் பிரெஞ்சில் பாடியிருக்கிறார். பாட்டு 'ஸைடெகோ ஸோ பா ஸாலே'. பீன்ஸில் உப்பில்லை என்கிறது, ஏனென்றால் கூடப் போட உப்பிட்ட இறைச்சி வாங்க வீட்டில் காசில்லை.

கேட்கத் தொடங்குகிறவர்கள் அந்தப் பாட்டின் 1965 பதிவில் தொடங்குங்கள். அக்கார்டியன், ரப்போர்ட், டிரம் மட்டும். பிறகு முழுக் குழுவோடு 'போகலூசா பூகி'. ஜான் ஹார்ட்டின் சாக்ஸபோனுக்காக மட்டுமே அதை இரண்டு முறை கேட்கலாம். அதற்கு மேல் அமெடே ஆர்ட்வானுக்குப் போங்கள், பதிவில் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு (செப்டம்பரின் முதல் திங்கள்) முந்தின சனிக்கிழமையை ஒட்டி வரப் பாருங்கள். ஒப்பலூசஸ் பக்கம் ப்ளேஸன்ஸ் என்ற ஊரில் 1982-ல் தொடங்கிய ஸைடெகோ விழா அந்த நாளில்தான் வேர்விட்டது. வருவதற்கு முன் அந்த ஆண்டு எங்கே, எப்போது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பி கொண்டு வாருங்கள்.